கேமராவைக் கொடுத்தால் மட்டும் போதுமா?

விஸ்காம் பாடம் எடுக்கும் பேராசிரியை ஒருவர் கேட்டிருந்தார்: "கொல்கத்தாவின் பாலியல் தொழில் பகுதியான சோனாகாச்சியில் வளரும் பிள்ளைகளைப் பற்றிய 'பார்ன் இன்டு பிராத்தல்ஸ்' ஆவணப்படத்தை என் மாணவர்களுக்குத் திரையிட நினைக்கிறேன். பார்த்தபோது மனம் கரைந்துவிட்டது. ஆனால் அந்தப் படம் அந்த மக்களுக்கு அநியாயம் செய்தது என்று சிலர் சொல்கிறார்கள். கேமராவைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்த பிறகு அது எப்படி அநியாயமாகும்? எங்கள் ஊரில் தூய்மைப் பணியாளர் குடியிருப்பில் இதேபோல ஒரு புகைப்படப் பட்டறை நடத்தவும் ஆசை. செய்யலாமா?"

படத்தைக் கண்டிப்பாகக் காட்டுங்கள். ஆனால் அதை மட்டும் காட்டிவிட்டு வகுப்பை முடித்துவிடாதீர்கள். பட்டறையும் நடத்தலாம், சில ஏற்பாடுகளை முதலிலேயே செய்துகொண்டால். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். படம் எடுப்பது இந்த வேலையில் ஒரு சின்னப் பங்கு. எடுத்ததில் எதை வைப்பது, எதைத் தள்ளுவது, எந்த வரிசையில் கோப்பது, கீழே என்ன எழுதுவது, யாருக்குக் காட்டுவது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஒரு வாழ்க்கை எப்படித் தெரியப்போகிறது என்பது அங்கேதான் முடிவாகிறது. கேமரா கை மாறினாலும் இந்த முடிவுகள் கை மாறாமல் இருந்துவிடலாம்.

முதலில் அந்தப் படம். ஸானா பிரிஸ்கி என்ற புகைப்படக்காரர் 1990களின் கடைசியில் சோனாகாச்சிக்கு வந்தார். அங்குள்ள பெண்களைப் படமெடுப்பதுதான் அவர் நோக்கம். அறைகளுக்குள்ளேயே தங்கிப் பழகினார். பெண்களைவிட அவர்களுடைய பிள்ளைகள்தான் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள், கேமராவைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டார்கள். அவர்களுக்குச் சாதாரண பிலிம் கேமராக்களை வாங்கிக் கொடுத்து வகுப்பு எடுக்க ஆரம்பித்தார். ராஸ் காஃப்மனோடு சேர்ந்து அதையே படமாக்கினார். 2004இல் வெளியான படத்துக்கு 2005இல் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது. எட்டுப் பிள்ளைகள் படத்தில் முக்கியமாக வருகிறார்கள். படத்தில் பெயர்கள் இருக்கின்றன, இணையத்திலும் இருக்கின்றன. ஆனாலும் நான் இங்கே எழுதவில்லை. இன்று அவர்கள் முப்பதைத் தாண்டியவர்கள். பத்து வயதில் யாரோ எடுத்த ஒரு படம் அவர்களைப் பின்தொடர்ந்துகொண்டே இருக்கிறது.

படத்தில் ஒரு காட்சியைக் கூர்ந்து பாருங்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் காண்டாக்ட் ஷீட்டுகள், அதாவது ஒரு ரோலில் உள்ள அத்தனை படமும் தபால்தலை அளவில் வரிசையாக அச்சான தாள்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, எது நல்ல படம், ஏன் நல்ல படம் என்று பேசுவார்கள். ஒருவர் எடுத்ததை இன்னொருவர் குறை சொல்வதும் உண்டு. படத்தின் உயிர் எனக்கு அந்தக் காட்சியில்தான் இருக்கிறது. சின்ன அறை, நெருக்கியடித்து உட்கார்ந்த பிள்ளைகள், ஆனால் அந்தக் கண்கள் தொழில்முறை எடிட்டரின் கண்களைப் போல வேலை செய்கின்றன. அவர்களுடைய படங்களும் அப்படித்தான். மாடிப்படி, வாளி, சந்து, துணி காயும் மொட்டைமாடி, கடற்கரைக்குப் போகும் பேருந்தின் ஜன்னல். வெளியிலிருந்து வரும் புகைப்படக்காரருக்குச் சோனாகாச்சி என்றால் வாசலில் நிற்கும் பெண்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அது வீடு. வித்தியாசம் படத்திலேயே தெரிகிறது.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தங்கள் புகைப்படங்களைத் தேர்ந்தெடுத்த அந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூட படத்தின் எடிட்டிங் மேசைக்குப் போகவில்லை. மணிக்கணக்கான காட்சிகளிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான ஒரு கதை செதுக்கப்பட்டது. அது பிள்ளைகள் சொன்ன கதையே இல்லை. ஒரு வெளிநாட்டுப் பெண் வருகிறார், பள்ளிகளின் கதவைத் தட்டுகிறார், ரேஷன் கார்டுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் அலுவலகம் அலுவலகமாக அலைகிறார், பிள்ளைகளை அந்த இடத்திலிருந்து வெளியே கொண்டுபோகப் பார்க்கிறார். சிலர் போகிறார்கள், சிலர் திரும்பி வந்துவிடுகிறார்கள். கதாநாயகி பிரிஸ்கி. இந்தக் கதையில் தாய்மார்களுக்கு என்ன இடம்? பெரும்பாலும் பிள்ளைகளைத் திட்டுகிறவர்களாக, பள்ளிக்கு அனுப்பத் தயங்குகிறவர்களாக வருகிறார்கள். அவர்களுக்கு யாரும் கேமரா கொடுக்கவில்லை.

படத்தில் வராத ஒன்றைத் தெரிந்துகொண்டால் இந்தக் குறை எவ்வளவு பெரியது என்று புரியும். இதே சோனாகாச்சியில் 1992இல் டாக்டர் ஸ்மரஜித் ஜானா ஒரு சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கினார். பாலியல் தொழிலாளிகளையே சுகாதார ஊழியர்களாகப் பயிற்றுவித்து, ஆணுறை பற்றியும் பால்வினை நோய் பற்றியும் வீடுவீடாகப் போய்ப் பேச வைத்தார். எய்ட்ஸ் தடுப்பு வேலையில் உலகமே திரும்பிப் பார்த்த முன்மாதிரி அது. அதிலிருந்து 1995இல் அந்தப் பெண்களின் சொந்த அமைப்பான தர்பார் மகிளா சமன்வய கமிட்டி பிறந்தது. அதே ஆண்டு உஷா என்ற கூட்டுறவுச் சங்கத்தையும் தொடங்கினார்கள். வட்டிக்காரர்களிடமிருந்து விடுபட்டுச் சொந்தமாகச் சேமிக்கவும் கடன் வாங்கவும் ஒரு வங்கி மாதிரி. உறுப்பினர்கள் 'நல்ல ஒழுக்கம்' உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்று கூட்டுறவுச் சட்டத்தில் ஒரு விதி குறுக்கே நின்றது. இல்லத்தரசிகள் என்று பதிந்துகொள்ளுங்கள், பிரச்சினை தீர்ந்துவிடும் என்று அதிகாரிகள் வழி சொன்னார்கள். மாட்டோம், எங்கள் தொழிலின் பெயரிலேயே பதிவு செய்யுங்கள் என்று அந்தப் பெண்கள் நின்று அந்த விதியை மாற்றவைத்தார்கள். பின்னாளில் அவர்களுடைய பிள்ளைகள் 'ஆம்ரா பதாதிக்' என்று தங்களுக்கென ஓர் அமைப்பையே உருவாக்கிக்கொண்டார்கள்.

பிரிஸ்கி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த நாட்களில் இந்தச் சங்கம் அதே தெருக்களில் இயங்கிக்கொண்டிருந்தது. படத்தை மட்டும் பார்ப்பவருக்கு அந்தப் பகுதியில் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்பட ஒருவருமே இல்லை என்றுதான் தோன்றும். தர்பார் அமைப்பு படத்தைக் கடுமையாகக் கண்டித்தது அதனால்தான். படத்துக்காக மொழிபெயர்ப்பாளராக வேலை செய்த பார்த்தா பானர்ஜியே இதற்கு விருது கொடுக்க வேண்டாம் என்று ஆஸ்கர் அகாதெமிக்குக் கடிதம் எழுதினார். இதைப் பொறாமை என்றோ தேசியப் பெருமை என்றோ ஒதுக்கிவிட முடியாது. தங்கள் வாழ்க்கையை மாற்றத் தாங்களே பத்து வருடம் உழைத்ததை ஒரு படம் துடைத்துவிட்டால் யாருக்கும் கோபம் வரும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரிஸ்கி அந்தப் பிள்ளைகள்மேல் வைத்த அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிள்ளைகளின் படங்கள் கொல்கத்தாவில் கண்காட்சியாக வைக்கப்பட்டன. நியூயார்க்கில் சதபீஸ் நிறுவனத்தில் ஏலம் போயின. ஒன்று மனித உரிமை அமைப்பான அம்னஸ்டியின் காலண்டரில் வந்தது. விற்ற பணம் அவர்களின் படிப்புக்கென்று ஒதுக்கப்பட்டது. ஒரு சிறுவன் ஆம்ஸ்டர்டாமில் வேர்ல்ட் பிரஸ் போட்டோ என்ற பத்திரிகைப் புகைப்பட அமைப்பு நடத்திய நிகழ்ச்சிக்குப் போய், பிற்பாடு நியூயார்க்கில் திரைப்படமே படித்தார். அவர் ஆம்ஸ்டர்டாமில் ஒரு புகைப்படத்தின் முன் நின்று, பார்க்கக் கஷ்டமாக இருந்தாலும் உண்மை என்பதால் பார்த்தே ஆக வேண்டும் என்ற பொருளில் பேசும் இடத்தை உங்கள் மாணவர்கள் மறக்க மாட்டார்கள். ஓரிரு பிள்ளைகளின் வாழ்க்கை மாறியது நிஜம். ஆனால் அந்த உதவி நிஜம் என்பதற்காகப் படம் சொன்ன கதை முழுமையாகிவிடாது. இரண்டையும் சேர்த்துப் பேசத்தான் வகுப்பு.

மக்கள் கையிலேயே கேமராவைக் கொடுக்கும் முறைக்கு இன்னொரு வடிவமும் உண்டு என்பதை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதில் ஆவணப்படமும் கிடையாது, மீட்பரும் கிடையாது. 1990களின் தொடக்கத்தில் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் ஆகிய இருவரும் 62 கிராமத்துப் பெண்களுக்குக் கேமரா கொடுத்தார்கள். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கேமராவையே அதுவரை தொட்டதில்லை. அன்றாட வாழ்க்கையை, உடல்நலத்தைப் படமெடுக்கச் சொன்னார்கள். பின்னால் 'போட்டோவாய்ஸ்' என்று உலகெங்கும் பரவியது இதுதான்.

அதில் வந்த ஒரு படம்: ஒரு பெண் சோளக்கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருக்கிறாள், கொல்லை ஓரத்தில் கைக்குழந்தை தன்னந்தனியாகக் கிடக்கிறது. பத்திரிகைக்காரர் ஒருவர் எடுத்திருந்தால் இதற்கு வறுமை என்று தலைப்புப் போட்டு நகர்ந்திருப்பார். அந்தப் பெண்கள் கூடி உட்கார்ந்து பேசியபோது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் வேலைக்குப் போவது எல்லோருக்குமே உள்ள பிரச்சினை என்று வெளியே வந்தது. அங்கிருந்து குழந்தைக் காப்பகம் வேண்டும் என்ற கோரிக்கை வந்தது, அதிகாரிகள் முன்னால் படங்களோடு வைக்கப்பட்டது. காப்பகம், மருத்துவச்சிப் பயிற்சி, பெண்பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை என்று சில காரியங்கள் நடந்தன. ஒரு படத்தை வைத்துக்கொண்டு அவர்கள் கேட்கும் கேள்விகள் எளிமையானவை. இதில் என்ன தெரிகிறது? உண்மையில் இங்கே என்ன நடக்கிறது? நம் வாழ்க்கைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஏன் இப்படி இருக்கிறது? இதற்கு நாம் என்ன செய்யலாம்? கவனியுங்கள், படம் நன்றாக இருக்கிறதா என்ற கேள்வி இந்தப் பட்டியலில் இல்லவே இல்லை.

அழகும் முக்கியம்தான். அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பகுதியில் 1970களின் நடுவில் வெண்டி ஈவால்ட் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் புகைப்படம் கற்றுக்கொடுத்தார். இருட்டறையில் பிலிம் கழுவுவது, பிரிண்ட் போடுவதுவரை அவர்களே செய்தார்கள். கனவுகளைப் படமெடுக்கச் சொன்னார். செத்துக் கிடப்பதுபோல மரக்கிளையில் நண்பனைப் படுக்கவைத்து எடுத்தார்கள், பேய்போல வேடம் போட்டு எடுத்தார்கள். ஏழைப் பிள்ளை என்றால் ஏழ்மையைத்தான் எடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? 'போர்ட்ரெய்ட்ஸ் அண்ட் ட்ரீம்ஸ்' என்று அது 1985இல் புத்தகமானது. பல வருடம் கழித்து ஈவால்ட் அதே மாணவர்களைத் தேடிப்போனார். நடுவயதைத் தொட்டுவிட்ட அவர்கள், தாங்கள் சின்ன வயதில் எடுத்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். எலிசபெத் பாரெட்டோடு சேர்ந்து ஈவால்ட் இயக்கிய அந்த ஆவணப்படம் 2020இல் வந்தது. உங்களுக்கு நேரம் இருந்தால் சோனாகாச்சிப் படத்துக்குப் பக்கத்தில் இதை வைத்துக் காட்டுங்கள். பெரியவர்களாகித் திரும்பிப் பேசும் வாய்ப்பு கிடைத்தால் ஒரு படம் எப்படி மாறுகிறது என்று தெரியும்.

எடிட்டிங்கில் மக்களுக்குப் பங்கு கொடுப்பது நடைமுறையில் சாத்தியமா என்று மாணவர்கள் கேட்பார்கள். 1967இலேயே செய்திருக்கிறார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குப் பக்கத்தில் ஃபோகோ என்று ஒரு மீனவர் தீவு. மீன்பிடித் தொழில் நொடித்துப்போய், மக்களை அங்கிருந்து வேறு இடத்துக்குக் குடியமர்த்த அரசு முனைந்திருந்த நேரம். தேசியத் திரைப்பட வாரியத்தின் இயக்குநர் காலின் லோ அங்கே போய் 20க்கும் மேற்பட்ட குறும்படங்கள் எடுத்தார். எடுத்ததை முதலில் பேசியவர்களுக்கே போட்டுக்காட்டினார். வேண்டாம் என்றால் வெட்டினார். அப்புறம் தீவின் மற்ற கிராமங்களில், மன்றங்களில், பள்ளிக்கூடங்களில் திரையிட்டார். ஒரே தீவில் இருந்தும் ஒருவர் பிரச்சினை ஒருவருக்குத் தெரியாமல் இருந்தவர்கள், அதுவும் மதப் பிரிவால் பிரிந்து கிடந்தவர்கள், எல்லோருக்கும் ஒரே பிரச்சினைதான் என்று பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் படங்கள் அமைச்சர்களிடம் போயின. அமைச்சரின் பதிலையும் படமெடுத்துத் தீவில் காட்டினார்கள். மீனவர் கூட்டுறவுச் சங்கம் உருவானது, தீவு காலியாகவில்லை. அந்தப் படங்களில் கலைநுணுக்கம் குறைவுதான். நீளமான பேச்சு, அசையாத கேமரா. ஆஸ்கருக்குப் போகக்கூடிய சரக்கு கிடையாது. யாருக்காக எடுத்தார்களோ அவர்களுக்கு வேலை செய்தது.

நம் பக்கத்திலேயே இதைவிட ஒரு படி மேலே போனவர்கள் இருக்கிறார்கள். தெலங்கானாவில் ஜஹீராபாத்துக்கு அருகே பஸ்தாபூரில் தக்காண வளர்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த தலித் பெண் விவசாயிகள் வீடியோ கற்றுக்கொண்டு இருபது வருடங்களுக்கும் மேலாகப் படம் எடுத்துவருகிறார்கள். விதை, தானியம், மரபணு மாற்றிய பி.டி. பருத்தி என்று அவர்கள் வாழ்க்கைக்கு நெருக்கமான விஷயங்கள். கேமராக் கோணங்களை அவர்கள் புரிந்துகொண்ட விதத்தை எந்தத் திரைப்படக் கல்லூரியிலும் சொல்லித்தரலாம். ஒரு கோணத்துக்குப் பட்டேல் ஷாட் என்று பெயர், பட்டேல் என்றால் பண்ணையார். அதற்கு எதிர்க் கோணம் அடிமை ஷாட். கண்ணுக்கு நேராக, தரையில் சமமாக உட்கார்ந்து எடுத்தால் சங்கம் ஷாட். தங்கள் படங்களில் யாரை எப்படிக் காட்ட வேண்டும் என்பதற்கு அவர்களிடம் அனுபவத்திலிருந்து வந்த ஒரு பதில் இருக்கிறது. வெளியிலிருந்து யாரும் வந்து அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

சொந்த ஊடகம் கையில் இருந்தால் அடுத்தவர் எடுத்த படத்துக்கும் பதில் சொல்ல முடியும். உத்தரப் பிரதேசத்தில் 2002இல் தொடங்கிய 'கபர் லஹரியா' கிராமப்புறப் பெண்கள் நடத்தும் செய்தி நிறுவனம், தலித் பெண்கள் அதன் முதுகெலும்பு. அவர்கள் செல்போனில் செய்தி சேகரிப்பதைப் பற்றி ரிந்து தாமஸ், சுஷ்மித் கோஷ் எடுத்த 'ரைட்டிங் வித் ஃபயர்' 2022இல் ஆஸ்கர் இறுதிப் பட்டியலுக்குப் போனது. விழாவுக்குச் சில நாட்கள் முன்னால் கபர் லஹரியா ஓர் அறிக்கை வெளியிட்டது. படம் உருக்கமானது, வலுவானது என்று ஒப்புக்கொண்டு, ஆனால் நாங்கள் ஒரே ஒரு கட்சியைப் பற்றித்தான் முழுமூச்சாகச் செய்தி போடுகிறோம் என்பதுபோலக் காட்டியிருப்பது எங்கள் கதை இல்லை என்று சொன்னது. இயக்குநர்கள் செய்தது சரியா தவறா என்பது தனி விவாதம். அந்தப் பெண்களால் சொல்ல முடிந்தது, நாடே கேட்டது. சோனாகாச்சிப் பிள்ளைகளுக்கு 2005இல் அப்படி ஒரு வழியே இல்லை.

தமிழ்நாட்டில் பழனி குமாரின் வேலையை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்துங்கள். மலக்குழி மரணங்களைப் பற்றிய 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். கிராமப்புற மக்களின் வாழ்க்கையை ஆவணப்படுத்தும் 'பாரி' இணையத்தளத்தின் புகைப்படக்காரர். மீன் விற்ற தாயின் மகன். அவர் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் புகைப்படம் சொல்லித்தருகிறார். சொல்லித்தருபவரும் அதே வாழ்க்கையிலிருந்து வந்தவர் என்னும்போது மீட்பவர், மீட்கப்படுபவர் என்ற பிரிவே எழுவதில்லை. வகுப்பு முடிந்து ஆசிரியர் விமானம் ஏறிப் போய்விடுவதும் இல்லை.

இனி உங்கள் பட்டறை. முதலில் அந்தக் குடியிருப்பில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். தொழிற்சங்கம், மாலைநேர வகுப்பு, இளைஞர் மன்றம், ஏதோ ஒன்று நிச்சயம் இருக்கும். அவர்களைக் கூட்டாளிகளாக வைத்துக்கொள்ளுங்கள். கேமராவைப் பெரியவர்களுக்கும், முக்கியமாக அம்மாக்களுக்கும் கொடுங்கள். பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தால் அவர்கள் கண்ணுக்கு அகப்படாததெல்லாம் படத்தில் இல்லாமல் போகும். அது பெரியவர்கள் மேல் குற்றம் சுமத்துவதுபோலவும் ஆகிவிடும்.

அனுமதி விஷயத்தில் கறாராக இருங்கள். ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கியதோடு அது முடியாது. படம் எடுத்தவரின் சம்மதம் வேறு, படத்தில் இருப்பவரின் சம்மதம் வேறு. எடுக்கும்போது ஒருமுறை, சுவரில் மாட்டும்முன் ஒருமுறை, இணையத்தில் ஏற்றும்முன் இன்னொருமுறை கேளுங்கள். சரி என்று சொன்னவர் பிறகு வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள், காரணம் கேட்காதீர்கள். வழக்கிலோ குழந்தைகள் நலக்குழுவின் விசாரணையிலோ உள்ள பிள்ளைகள் என்றால் கூடுதல் கவனம் தேவை. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் அவர்கள் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது.

காப்புரிமை (காப்பிரைட்) பற்றிப் பலரும் யோசிப்பதே இல்லை. நம் 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி ஒரு புகைப்படத்தின் படைப்பாளி அதை எடுத்தவர்தான். கேமரா கல்லூரியுடையது என்பதால் படம் கல்லூரியுடையதாகிவிடாது. பத்து வயதுப் பிள்ளை எடுத்தாலும் அதேதான். ஆகவே எந்த இடத்தில் போட்டாலும் எடுத்தவர் பெயர் போடலாமா, எந்தப் பெயர் போடுவது என்று அவரிடமே கேளுங்கள். மூலக் கோப்புகளின் ஒரு பிரதி அவர்கள் வீட்டில் இருக்கட்டும். பணம் ஏதாவது வந்தால் எப்படிப் பிரிப்பது என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

தேர்வுதான் கடினமான கட்டம். இப்படிப்பட்ட பட்டறைகளில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இது: பிள்ளைகள் ஆசையாகக் கொண்டுவருவது புதுச்சட்டை போட்ட தம்பி, டிவி, நாய்க்குட்டி, திருவிழா ரங்கராட்டினம். ஒருங்கிணைப்பாளர்கள் கை போவது சாக்கடை, இருண்ட சமையலறை, வாடிய முகம். கண்காட்சி திறக்கும்போது முதலாவது வகைப் படங்கள் மாயமாகியிருக்கும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. நன்கொடையாளர்களுக்கு, பத்திரிகைக்கு, ஏன், நமக்கே எது 'வலுவான படம்' என்று ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. ஆகவே கடைசித் தேர்வை எடுத்தவர்களிடமே விடுங்கள். நீங்கள் பேசலாம், வாதாடலாம், ஆனால் முடிவு அவர்களுடையது. நாய்க்குட்டிதான் வேண்டும் என்றால் நாய்க்குட்டியே இருக்கட்டும்.

முதல் கண்காட்சியைக் கல்லூரி அரங்கில் வைக்காதீர்கள். அந்தத் தெருவிலேயே, கோயில் சுவரிலோ கயிறு கட்டிக் கிளிப் மாட்டியோ வையுங்கள். வேலை முடிந்து வருகிறவர்கள் பார்க்கும்படி மாலையில் திறந்து, விளக்குப் போட்டு, இரவுவரை விட்டுவையுங்கள். அங்கே யாராவது "இதை எடுங்கள்" என்று சொன்னால் எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். மாநகராட்சி அதிகாரியையோ கவுன்சிலரையோ அழைப்பதென்றால் அந்தத் தெருவுக்கே அழையுங்கள். படமெடுத்தவர்கள் பக்கத்தில் நின்று தாங்களே விளக்கட்டும். உங்கள் மாணவர்கள் அன்று நாற்காலி போடட்டும், விளக்குக் கட்டட்டும், நடப்பதைக் குறித்துக்கொள்ளட்டும்.

ஒரு செமஸ்டருக்குள் இதெல்லாம் அடங்காது. துறைத் தலைவரிடம் பேசி இரண்டு வருடத்துக்கு அனுமதி வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். செலவுக் கணக்கில் கேமராவுக்கு ஒதுக்குவதைக் குறைத்துக்கொள்ளலாம், இன்று பாதி வீடுகளில் செல்போனே போதும். அந்தப் பணத்தைப் பிரிண்ட் போடவும், பங்கேற்பவர்கள் இழக்கும் கூலிக்கும், பட்டறை முடிந்த பிறகும் மாதம் ஒருமுறை நீங்கள் அங்கே போய்வருவதற்கும் வையுங்கள்.